வெட்டுப்பலகைக்கு எந்தப் பசை?

அரிவாள்மனை புழங்கிய வீடுகளில் வெட்டுப்பலகைக்கு வேலை இருக்கவில்லை. கறிக்கடையில் கட்டை உண்டு. ஆனால் அந்தப் புளியங்கட்டை அடிமரத்தைக் குறுக்கே அறுத்தெடுத்த ஒரே துண்டு. அதற்குப் பசை வேண்டியதில்லை. மேடைச் சமையலும் கத்தியும் வந்த பிறகு நாம் வீட்டில் செய்துகொள்ளும் பலகை வேறு வகை. ஒன்றரை அங்குலம், இரண்டு அங்குலம் அகலமுள்ள பட்டிகளை ஒட்டிச் சேர்த்து ஓர் அடி அகலமாக்குகிறோம். ஓர் அடி அகலத்துக்கு ஒரே துண்டாக நல்ல தேக்கு வாங்குவது செலவு பிடிக்கும். தச்சுப் பட்டறையில் மிஞ்சும் துண்டுகள் மலிவாகக் கிடைக்கும். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. அகலமான ஒற்றைப் பலகை ஒரு பக்கம் நனைந்து மறுபக்கம் காய்ந்தால் குழிந்துபோகும். பட்டிகளாக அறுத்து, மரவளையங்களின் போக்கை ஒன்றுவிட்டு ஒன்று திருப்பிவைத்து ஒட்டினால் அந்தக் குழிவு பெருமளவு அடங்கிவிடும்.

ஆகவே பலகையின் ஆயுள் ஐந்தாறு இணைப்புக் கோடுகளை நம்பியிருக்கிறது. கடையில் பசைக் குப்பிகளின் முன் நிற்கும்போது இரண்டு கேள்விகளை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பலகையை யார், எப்படிக் கழுவப்போகிறார்கள்? உங்கள் ஊர் வெயிலில், பசை இழுத்துக்கொள்வதற்குள் எல்லாப் பட்டிகளையும் சேர்த்து இறுக்க எத்தனை நிமிடம் கிடைக்கும்? முதல் கேள்வி எல்லோருக்கும் தோன்றும். இரண்டாவதைப் பெரும்பாலோர் நினைப்பதில்லை. நம் ஊர்ச் சூட்டில் அதற்கும் முதல் கேள்விக்கு இணையான இடம் தர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

தண்ணீரைத் தாங்க வேண்டும்

மரம் நனைந்தால் அகலவாக்கில் உப்பும், காய்ந்தால் சுருங்கும். நீளவாக்கில் அநேகமாக மாற்றமே இராது. பச்சை மரம் முற்றிலும் ஈரமற்று உலரும்வரை தேக்கு வளையத்தின் போக்கில் சுமார் 5.8 விழுக்காடும், மையத்திலிருந்து பட்டை நோக்கிய திசையில் சுமார் 2.5 விழுக்காடும் சுருங்குகிறது. மரங்களுக்குள் இது குறைந்த அளவுதான். தேக்கு பெயர் வாங்கியதற்கு இதுவும் ஒரு காரணம். சமையலறையில் நடக்கும் அசைவு இதில் ஒரு சிறு பங்கு. ஆனாலும் ஒவ்வொரு கழுவலிலும் அது நடக்கிறது. பசைக்கோடு ஒவ்வொரு நாளும் இழுபடுகிறது, நெருக்கப்படுகிறது.

1959 முதல் நம் தச்சர்கள் கையில் இருக்கும் ஃபெவிகாலும் அதைப் போன்ற வெள்ளைப் பசைகளும் பாலிவினைல் அசிடேட் என்ற பிசினின் மிக நுண்ணிய துளிகள் தண்ணீரில் மிதக்கும் கலவை. பூசியதும் தண்ணீர் மரத்துக்குள் இறங்கி ஆவியாகிறது. துளிகள் ஒன்றோடொன்று கூடி ஒரே படலமாகின்றன. உலர்ந்த நிலையில் அந்தப் படலத்தைக் குறை சொல்ல முடியாது. நன்றாகப் பொருந்திய இணைப்பை உடைத்துப் பார்த்தால் பசை விடாது, பக்கத்து மரம்தான் பிளக்கும். நனையும்போதுதான் சிக்கல். படலம் நீரை உறிஞ்சி வெளுத்து, ரப்பர் போல் குழைகிறது. ஒரு முறை நனைந்தவுடன் பலகை பிரிந்துவிடாது. மாதக்கணக்கில் நனைந்து காய்ந்து வரும்போது முனைகளில் மயிரிழைப் பிளவாகத் தொடங்கும். அந்தப் பிளவில் மீன் கழுவிய நீரும் தக்காளிச் சாறும் இறங்கிவிட்டால் பிறகு தேய்த்து எடுக்க வழியில்லை. அலமாரிக்கும் நாற்காலிக்கும் சாதாரண வெள்ளைப் பசை நல்லது. வெட்டுப்பலகைக்கு அது போதாது.

அதே பசைக் குடும்பத்தில் நீர் தாங்கும் வகைகள் உண்டு. உலரும்போது அவற்றின் மூலக்கூறுச் சங்கிலிகள் குறுக்கே பிணைந்துகொள்வதால் நீர் உள்ளே புகுந்து குழைப்பது கடினமாகிறது. நம் கடைகளில் ஃபெவிகால் மரைன் போன்றவை ஈரம் படும் இடங்களுக்கு என்று விற்கப்படுகின்றன. வெளிநாட்டுச் சரக்கில் டைட்பாண்ட் 2, டைட்பாண்ட் 3 இரண்டும் மரவேலை செய்பவர்களிடையே பரவலானவை. ஆனால் பெயரைப் பார்த்து வாங்க வேண்டாம். குப்பியின் பின்புறமோ, நிறுவனம் தரும் தகவல் தாளிலோ தர எண் இருக்கிறதா என்று பாருங்கள். ‘வாட்டர்புரூப்’ என்ற சொல்லை யாரும் அச்சிடலாம். தர எண்ணுக்குப் பின்னால் ஒரு சோதனை இருக்கிறது.

ஐரோப்பியத் தரமான ஈஎன் 204 மரப்பசைகளை டி1 முதல் டி4 வரை நான்காகப் பிரிக்கிறது. டி1 உலர்ந்த உட்புறத்துக்கு. டி2 எப்போதாவது சற்று ஈரம் படும் இடத்துக்கு. டி3 அடிக்கடி, ஆனால் குறைந்த நேரம் நீர் படும் இடத்துக்கு. டி4 அடிக்கடி, நெடுநேரம் நீர் படும் இடத்துக்கு. சோதனை எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் இந்த எண்களின் மதிப்பு புரியும். ஒட்டிய மரத்துண்டுகளை ஏழு நாள் உலரவிடுகிறார்கள். உலர்ந்த நிலையில் சதுர மில்லிமீட்டருக்கு 10 நியூட்டன், அதாவது சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 100 கிலோ தாங்க வேண்டும். இது எல்லா வகைக்கும் பொது. பிறகு நான்கு நாள் குளிர்ந்த நீரில் ஊறவைத்து, ஈரத்தோடேயே இழுக்கிறார்கள். டி3 வகை அப்போது 2 நியூட்டன் தாங்கினால் தேறும். டி4 வகை 4 நியூட்டன் தாங்க வேண்டும். டி4 வகைக்கு இன்னொரு சோதனையும் உண்டு: ஆறு மணி நேரம் கொதிநீர், இரண்டு மணி நேரம் குளிர்ந்த நீர், அதன் பிறகும் 4 நியூட்டன். நல்ல பசைகூட ஊறிய நிலையில் தன் உலர் வலிமையில் பெரும்பகுதியை இழக்கலாம் என்பதை இந்த எண்களே சொல்கின்றன. பலகையைத் தொட்டியில் ஊறப்போடக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான காரணம் வேண்டாம்.

அமெரிக்கக் குப்பிகளில் முதல் வகை, இரண்டாம் வகை என்று வேறு அளவுகோல் இருக்கும். இரண்டாம் வகைச் சோதனையில் துண்டுகளை நான்கு மணி நேரம் ஊறவைத்து அடுப்பில் உலர்த்துவதை மூன்று முறை செய்து, பிரிகிறதா என்று பார்க்கிறார்கள். முதல் வகையில் நான்கு மணி நேரம் கொதிக்கவைத்து, உலர்த்தி, மீண்டும் நான்கு மணி நேரம் கொதிக்கவைத்து, ஈரத்தோடு இழுக்கிறார்கள். டைட்பாண்ட் 2 இரண்டாம் வகை. டைட்பாண்ட் 3 முதல் வகை. இந்த உயர்ந்த வகைகூட நீருக்கு அடியிலேயே கிடக்கும் வேலைக்கு இல்லை என்று தயாரிப்பாளரே சொல்கிறார்.

நீங்களே கழுவி, உடனே துடைத்து, செங்குத்தாகச் சாய்த்து வைப்பீர்கள் என்றால் டி3 அல்லது இரண்டாம் வகை போதும். ஆனால் பலகை செய்பவர் ஒருவர், கழுவுபவர் இன்னொருவர் என்பதே பெரும்பாலான வீட்டு நடைமுறை. பாத்திரக் குவியலுக்கு அடியில் இரவெல்லாம் பலகை கிடக்கும் நாள் வரத்தான் செய்யும். பரிசாகக் கொடுக்கப்போகும் பலகை என்றால் கேட்கவே வேண்டாம். அதனால் டி4 அல்லது முதல் வகையைத் தேடி வாங்கச் சொல்கிறேன். விலை கூடுதல்தான். ஆனால் 40 செ.மீ. நீளம், 3 செ.மீ. தடிமனில் ஏழு பட்டிகளைச் சேர்க்கும் பலகைக்கு ஆறு இணைப்புகளிலும் சேர்த்து 720 சதுர செ.மீ. பரப்புதான். இரு முகங்களிலும் தாராளமாகப் பூசினாலும் 25 மில்லி போதும். கால் லிட்டர் குப்பியில் பல பலகைகள் செய்துவிடலாம்.

உணவு படுமே?

நன்றாக உலர்ந்து இறுகிய பசை, இறுக்கமான இணைப்பில் மெல்லிய கோடாக மட்டுமே வெளியே தெரியும். அந்தக் கோட்டைக் கருத்தில் கொண்டே விதிகளும் எழுதப்பட்டிருக்கின்றன. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் 175.105 என்ற விதி, உணவோடு மறைமுகமாகப் படும் பசைகளில் என்னென்ன பொருள்கள் இருக்கலாம் என்று பட்டியலிடுகிறது. கூடவே ஒரு நிபந்தனை: பசைக்கும் உணவுக்கும் நடுவே தடுப்பு இருக்க வேண்டும், இல்லையேல், ஈரமான, எண்ணெய்ப் பசையுள்ள உணவில் படுவது இணைப்புக் கோட்டிலும் விளிம்பிலும் வெளிப்படும் மிகச் சிறு அளவைத் தாண்டக் கூடாது. டைட்பாண்ட் 2, 3 இரண்டையும் மறைமுக உணவுத் தொடர்புக்கு ஏற்றவை என்று தயாரிப்பாளர் அறிவித்திருக்கிறார். வேறு பசை வாங்குவதானால் தகவல் தாளில் இதே பொருளில் ஒரு வரி இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் கடைக்காரர் வாய்மொழியை அதற்கு ஈடாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அந்த நிபந்தனையில் செய்பவருக்கும் ஒரு வேலை இருக்கிறது. அனுமதி கோட்டுக்குத்தான், பூச்சுக்கு இல்லை. நம் பட்டறைகளில் இடைவெளி விழுந்த இடத்தில் மரத்தூளையும் பசையையும் குழைத்து அப்பி, உப்புத்தாள் போட்டு மறைக்கும் வழக்கம் உண்டு. கதவிலும் கட்டிலிலும் செய்யுங்கள், வெட்டுப்பலகையில் வேண்டாம். கத்தி அந்த அப்பலைச் சுரண்டி எடுக்கும், நீரும் அதில்தான் முதலில் இறங்கும். இடைவெளி விழுந்தால் அந்தப் பட்டியை மீண்டும் இழைப்பதே சரி. பிளைவுட், எம்டிஎஃப் துண்டுகளை வெட்டுப்பலகையாக்குவதும் வேண்டாம். அவற்றில் மரத்தோடு மரமாகப் பசை உள்ளெங்கும் நிறைந்திருக்கிறது; உட்புறப் பயன்பாட்டுக்கான மலிவு ரகங்களில் அது பெரும்பாலும் யூரியா ஃபார்மால்டிஹைடு. ஈரத்தில் அது சிதையும், ஃபார்மால்டிஹைடையும் வெளிவிடும்.

எந்தப் பசையானாலும் முழுதும் இறுகும்வரை உணவு படக் கூடாது. ஒரு நாளில் கிளாம்பைக் கழற்றி வேலை செய்யலாம். சமையலறைக்கு அனுப்ப ஒரு வாரம் பொறுங்கள்.

நிமிடக் கணக்கு

பசையைப் பூசியதிலிருந்து இரண்டு முகங்களையும் சேர்க்கும்வரை கிடைக்கும் நேரம் பசைக்குப் பசை மாறும். டைட்பாண்ட் 2 சுமார் ஐந்து நிமிடம் தரும். டைட்பாண்ட் 3 சுமார் பத்து நிமிடம் தரும். சேர்த்த பிறகு நகர்த்திச் சரிசெய்யவும் அதில் கூடுதல் அவகாசம் உண்டு. ஆனால் இந்த எண்கள் 21 டிகிரி வெப்பமும் 50 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள அறையில் எடுக்கப்பட்டவை. மதுரையிலோ வேலூரிலோ மே மாதப் பிற்பகலில் 38 டிகிரியில், மொட்டை மாடியில், காற்று வீசும்போது அந்த ஐந்து நிமிடம் ஐந்து நிமிடமாக இருக்காது. ஏழாவது பட்டிக்குப் பூசும்போது முதல் பட்டியின் மேல் ஆடை படர்ந்திருக்கும். அதை அப்படியே சேர்த்து இறுக்கினால் வெளியே எல்லாம் சரியாகத் தெரியும். பசையும் கொஞ்சம் பிதுங்கும். உள்ளே இரண்டு ஆடைகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும், கூடியிருக்காது. அந்த இணைப்பு நான்காம் மாதமோ ஐந்தாம் மாதமோ பிரியும். பழி பசையின் தலையில் விழும்.

சூடான ஊர்களுக்கு நான் மெதுவாக இறுகும் பசையைப் பரிந்துரைப்பது இதனால்தான். ‘சீக்கிரம் காயும்’ என்று குப்பியில் போட்டிருப்பது தச்சருக்குக் கூலி மிச்சம். முதன்முறை பலகை செய்பவருக்குக் கேடு. கையிலிருப்பது வேகமான பசைதான் என்றால் வேலையைப் பிரியுங்கள். மூன்று பட்டி ஒரு கட்டு, நான்கு பட்டி ஒரு கட்டு என ஒட்டி, மறுநாள் இரண்டு கட்டுகளையும் ஓர் இணைப்பில் சேர்க்கலாம். விடியற்காலையில் ஒட்டுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். வெயிலில் கிடந்து சூடேறிய மரத்தை நிழலில் ஆறவிட்டுத் தொடங்குங்கள். பசையில்லாமல் ஒருமுறை எல்லாவற்றையும் அடுக்கி, கிளாம்ப் வரை இறுக்கி ஒத்திகை பார்த்துவிட்டு, பட்டிகளுக்குச் சாக்பீசால் எண் போட்டுக்கொள்ளுங்கள். பிரஷ், ஈரத்துணி, அடியில் விரிக்கப் பாலித்தீன், வளையாமல் மேலும் கீழும் பிடிக்க நேரான ரீப்பர் எல்லாம் கையெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

பசை கெட்டியாக இருக்கிறதென்று தண்ணீர் கலக்காதீர்கள். பரவ எளிதாகும், பிசின் குறையும், படலம் மெலியும். கடையில் வெயில்பட அடுக்கியிருந்த குப்பியும் ஆகாது. தயாரித்த தேதியைப் பாருங்கள். டைட்பாண்டுக்குத் தயாரிப்பாளர் சொல்லும் ஆயுள் இரண்டு ஆண்டு. சாய்த்தால் பால்போல் ஒழுகாமல் நூல் இழுக்கும், கட்டி தட்டும் பசையைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

மழைக்காலத்தில் கதை மாறும். பசையிலுள்ள நீர் போக இடமில்லாமல் இறுகத் தாமதமாகும்; அரைமணி, ஒருமணி என்று குப்பியில் போட்டிருந்தாலும் இரவு முழுதும் கிளாம்பிலேயே விடுங்கள். மரமும் ஈரம் வாங்கியிருக்கும். ஒட்டும் மரத்தில் ஈரம் 8 முதல் 12 விழுக்காட்டுக்குள் இருப்பது நல்லது. ஈரமானி இல்லாதவர்கள் ஒரு பட்டியைச் சமையலறைத் தராசில் வாரம் ஒருமுறை நிறுத்துப் பாருங்கள். இரண்டு மூன்று வாரம் எடை மாறாமல் நின்றால் மரம் உங்கள் வீட்டுக் காற்றோடு சமநிலைக்கு வந்துவிட்டது என்று பொருள்.

மற்றப் பசைகள்

எபாக்சி. அரால்டைட் என்றால் எல்லோருக்கும் தெரியும். பிசின் ஒரு குழாய், இறுக்கி ஒரு குழாய். இதில் நீர் ஆவியாக வேண்டியதில்லை, இரண்டும் வேதிவினை புரிந்து இறுகும். அதனால் எண்ணெய்ப் பசையுள்ள மரத்திலும், சற்று இடைவெளி விழுந்த இணைப்பிலும் மற்றவற்றைவிட நன்றாகப் பிடிக்கும். ஆனால் கலவை விகிதம் பிசகினால் ஒரு பகுதி என்றைக்கும் இறுகாமலேயே தங்கிவிடும். உணவு விஷயத்தில் அதுதான் அச்சம். கண்ணளவில் பிழியாமல் தராசில் நிறுத்துக் கலக்கவும். ஐந்து நிமிட ரகத்தைத் தவிர்க்கவும். மெதுவாக இறுகும் ரகம்தான் நீர் தாங்கும். மற்றப் பசைகளைப் போல் இதைப் பலமாக இறுக்கக் கூடாது, பசை முழுதும் வெளியேறிவிடும். கையுறை கட்டாயம், இறுகாத எபாக்சி பலருக்குத் தோல் ஒவ்வாமையைக் கொண்டுவரும். இறுகிய பிறகும் பல ரகங்கள் 60 டிகிரிச் சூட்டை ஒட்டிக் குழையத் தொடங்குகின்றன. ஆகவே அடுப்பிலிருந்து இறக்கிய சட்டியைப் பலகைமேல் வைக்கக் கூடாது. இந்த ஒன்று வெள்ளைப் பசைக் குடும்பத்துக்கும் பொருந்தும். ஈட்டி போன்ற எண்ணெய் மரம் ஒன்றைச் சேர்த்தே ஆக வேண்டும் என்றால் எபாக்சிக்குப் போகலாம். மற்றபடி வெட்டுப்பலகைக்கு அது தேவையற்ற சிரமம்.

பாலியூரித்தேன் பசை காற்றிலும் மரத்திலும் உள்ள ஈரத்தை எடுத்துக்கொண்டு இறுகும், நுரைத்துப் பொங்கும். நீர் தாங்குவதில் குறையில்லை. ஆனால் பொங்கிய நுரை இடைவெளியை நிரப்பியதுபோல் தோற்றம் தருமே தவிர வலிமை தராது. நுரையின் கண்கள் வெட்டுப்பரப்பில் திறந்தால் அழுக்கு தங்கும். கையில் பட்டால் நாள்கணக்கில் போகாது. கடலோர ஊர்களில் ஒருமுறை திறந்த குப்பி அடுத்த பலகைக்குள் உள்ளேயே இறுகிவிடும். நான் இதை வெட்டுப்பலகைக்குச் சொல்வதில்லை.

ஃபெவிக்விக் போன்ற உடனடிப் பசை கண்ணாடிபோல் நொறுங்கும் தன்மை கொண்டது. மரத்தின் அன்றாட அசைவைத் தாங்காது. தச்சர்கள் தலைமுறை தலைமுறையாகக் காய்ச்சிய வச்சிரம், விலங்குத் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுப்பது; வெந்நீர் பட்டால் இளகும். பழுது பார்க்கப் பிரித்தெடுக்க வேண்டிய இசைக்கருவிகளுக்கு அந்தக் குணமே வரம். தினமும் கழுவும் பலகைக்கு அதைப் பற்றிப் பேச்சில்லை.

முகம் பொருந்த வேண்டும்

பசையின் தரத்தைப் பற்றி இவ்வளவு சொன்ன பிறகும், நடுத்தரப் பசையோடு நன்றாகப் பொருந்திய இணைப்பு, உயர்ந்த பசையோடு அரைகுறையாகப் பொருந்திய இணைப்பைவிட அதிக நாள் நிற்கும் என்று தயங்காமல் சொல்வேன். இரண்டு பட்டிகளைச் சேர்த்து ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். ஒளிக்கீற்று எங்கும் தெரியக் கூடாது. தெரிந்தால் இழைப்புளியை எடுங்கள். ஒட்டும் முகத்தில் உப்புத்தாள் போடுவதைக் கூடியவரை தவிருங்கள். கையால் தேய்க்கும்போது ஓரங்கள் மழுங்கிவிடும், மேலே பார்க்கும் கோடு அகலமாகிவிடும்.

தேக்கில் இயல்பாகவே எண்ணெய் உண்டு. இழைத்த பின் நாட்கள் ஆக ஆக அது மேற்பரப்புக்கு வந்து பசையைத் தடுக்கும். இழைத்த அன்றே, முடிந்தால் அந்த மணியே ஒட்டுங்கள். வெள்ளைத் துணியில் அசிட்டோன் தொட்டு ஒட்டும் முகத்தைத் துடைத்து, அது முழுதும் ஆவியானதும் பசை பூசினால் இன்னும் பாதுகாப்பு; ஜன்னல் திறந்திருக்க வேண்டும், பக்கத்தில் நெருப்பு இருக்கக் கூடாது. பலா, மா போன்றவற்றுக்குப் புதிதாக இழைத்த முகமே போதும். எந்த மரத்திலும் எண்ணெய்ப் பூச்சு, மெழுகுப் பூச்சு எல்லாம் ஒட்டி முடித்த பிறகுதான்.

பட்டியின் தலைப்பும் தலைப்பும் சேரும் இணைப்பை எந்தப் பசையும் காப்பாற்றாது. திறந்த துளைகள் பசையைக் குடித்துவிடும். தலைப்புப் பரப்பு மேலே தெரியும் சதுரக் கட்டைப் பலகைகளைப் பார்த்து இந்த விதி பொய் என்று நினைக்க வேண்டாம். அங்கே மேலே தெரிவதுதான் தலைப்பு. ஒட்டியிருப்பது பக்கவாட்டு முகங்கள். அதேபோல் பலகையின் இரு முனைகளிலும் அழகுக்காகக் குறுக்குப் பட்டி வைத்து முழு நீளத்துக்கும் ஒட்டாதீர்கள். பலகை அகலவாக்கில் உப்ப, குறுக்குப் பட்டி அசையாமல் நிற்க, ஏதாவது ஒன்று பிளந்தே தீரும்.

இறுக்கும் அளவைப் பற்றி ஒரு கணக்கு. தேக்கு போன்ற நடுத்தர மரத்துக்கு டைட்பாண்ட் தயாரிப்பாளர் சொல்லும் அழுத்தம் சதுர செ.மீ.க்கு ஏறத்தாழ 9 முதல் 12 கிலோ. நம் பலகையின் ஓர் இணைப்பு 120 சதுர செ.மீ. என்பதால் ஆயிரம் கிலோவுக்கு மேல் வேண்டும். வரிசையாக நிற்கும் பட்டிகள் வழியே ஒரே விசைதான் கடந்து செல்கிறது. ஆறு இணைப்பு என்பதற்காக ஆறால் பெருக்க வேண்டாம். கனமான குழாய்க் கிளாம்ப் நான்கு, ஒன்று மேலே ஒன்று கீழே என மாற்றி மாற்றிப் போட்டால் இந்த அளவை நெருங்கலாம். மெல்லிய கிளாம்ப் என்றால் பத்து செ.மீ.க்கு ஒன்று போடுங்கள். கோடு நெடுகச் சிறு மணிகளாகப் பசை பிதுங்கி நின்றால் அளவும் அழுத்தமும் சரி. ஓரிடத்தில் மணியே இல்லையென்றால் அங்கே பசை போதவில்லை. உடனே கழற்றிப் பூசுங்கள்.

உங்கள் மரத்தில், உங்கள் முற்றத்தில் ஒரு சோதனை

புதிய பசையையோ புதிய மரத்தையோ பலகையில் முதலில் முயல வேண்டாம். அறுத்ததில் மிஞ்சிய துண்டுகளில் பத்து செ.மீ. நீளத்துக்குச் சில ஜோடிகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு ஜோடியைப் பூசிய உடனேயும், அடுத்ததை ஐந்து நிமிடம் திறந்து வைத்தும், இன்னொன்றை எட்டு நிமிடம் வைத்தும் சேர்த்து இறுக்குங்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு படி இருக்கட்டும், பென்சிலால் எழுதிவையுங்கள். ஏழு நாள் உலரட்டும். பிறகு ஒரு படியை நான்கு நாள் வாளித் தண்ணீரில் அமிழ்த்தி வையுங்கள். மற்றது உலர்ந்தே இருக்கட்டும். கடைசியில் ஒவ்வொன்றையும் கல்மேல் நிறுத்தி, இணைப்புக் கோட்டில் உளியை வைத்துத் தட்டிப் பிளங்கள்.

பிளந்த முகத்தைப் படிக்கத் தெரிய வேண்டும். முகமெங்கும் மரநார் பிய்ந்து ஒட்டியிருந்தால் இணைப்பு நன்று. ஒரு முகத்தில் பசை வழவழப்பாக, பளபளவென்று அப்படியே உட்கார்ந்திருக்க, எதிர் முகம் சுத்தமாக இருந்தால், எண்ணெய் தடுத்திருக்கிறது அல்லது சேர்ப்பதற்குள் ஆடை படர்ந்துவிட்டது. உடனே சேர்த்த ஜோடி நன்றாக இருந்து எட்டு நிமிட ஜோடி மட்டும் இப்படி விட்டிருந்தால் காரணம் ஆடைதான். உங்கள் ஊரில் அந்தப் பசைக்கு எத்தனை நிமிடம் என்பதற்கு இதுவே பதில். எல்லா ஜோடியும் இப்படியே விட்டிருந்தால் எண்ணெயைச் சந்தேகியுங்கள். உலர்ந்த படிகள் எல்லாம் நன்றாக இருந்து, ஊறியவற்றில் பசை வெண்மையாக, நகத்தால் உரிக்கும்படி குழைந்திருந்தால் அந்தப் பசை சமையலறைக்கு ஆகாது; குப்பியில் என்ன எழுதியிருந்தாலும் சரி. பதினோரு நாள் காத்திருக்கப் பொறுமை வேண்டும். பல ஆண்டு புழங்கப்போகும் பொருளுக்கு அது பெரிய விலை இல்லை.

ஒட்டிய பின்

பிதுங்கிய பசையை உடனே ஈரத்துணியால் துடைத்தால் அது நீர்த்து மரத்துளைகளுக்குள் இறங்கும். பிறகு எண்ணெய் பூசும்போது அந்த இடம் மட்டும் வெளுத்துத் தெரியும். முக்கால் மணி, ஒரு மணி நேரம் கழித்துப் பசை ரப்பர் பதத்துக்கு வந்ததும் மழுங்கிய உளியாலோ சுரண்டியாலோ சீவி எடுத்துவிடுங்கள். கல்லாக இறுகும்வரை விட்டால் இழைப்புளியின் அலகு மழுங்கும்.

ஒட்டிய மறுநாளே மேற்பரப்பை இழைத்துச் சமன் செய்துவிட ஆசை வரும். பசையின் நீரைக் குடித்து இணைப்புக்கு அருகே மரம் சற்றே உப்பியிருக்கும். அப்போது சமன் செய்தால், பின்னர் அந்த நீர் வெளியேறி மரம் சுருங்கும்போது கோடு நெடுகப் பள்ளம் விழும். நான்கைந்து நாள் விட்டுச் சமன் செய்யுங்கள். பிறகு மருந்துக்கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபினை இரண்டு மூன்று முறை ஊறப் பூசினால் நீர் உள்ளே இறங்கும் வேகம் குறையும், பசைக்கோட்டின் சுமையும் குறையும்.

எப்போதாவது ஓர் இணைப்பு பிளந்துவிட்டால், பிளவுக்குள் பசையைப் பிழிந்து இறுக்குவது பயன்படாது. இறுகிய வெள்ளைப் பசையின் மேல் புதிய பசை சரியாகப் பிடிப்பதில்லை. எபாக்சிக்கும் அந்தப் பழைய படலம் தடையாகவே இருக்கும். பலகை நன்றாக உலர ஓரிரு வாரம் விட்டு, அந்தக் கோட்டின் மேலேயே முழு நீளத்துக்கும் அறுத்து, இரண்டு முகங்களையும் பசை துளியும் மிஞ்சாமல் இழைத்து, மறுபடி ஒட்டுங்கள். அகலத்தில் நான்கைந்து மில்லிமீட்டர் குறையும். பிளந்தது ஓரத்து முதல் இணைப்பாக இருந்தால் அந்தப் பட்டியை எடுத்துவிட்டு, ஓரத்தை இழைத்து, மீதியை அப்படியே புழங்கலாம்.